விரல் நீட்டாத மச்சான்

தேனி கடைவீதியில் வந்து இறங்கும் வெளியூர் ஆள், "ஐயா, போடி பஸ் எங்கன நிக்கும்?" என்று விதைக்கடை வாசலில் நின்று கேட்டால், என் அக்காவின் கணவர் கையைத் தூக்கிக் காட்ட மாட்டார். தாடையை ஒரு பக்கமாகத் திருப்பி, "அங்கிட்டுப் பாருங்க, தெரியும்" என்பார். கேட்டவன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பாவம், இந்த மனுஷனுக்குக் கை விளங்காதுபோல என்று நினைத்துக்கொண்டு பக்கத்துப் பாத்திரக்கடைக்குப் போவான். பாத்திரக்கடைக்காரர் என்னைக் கண்டால் போதும், உங்கள் மச்சான் கடைக்கு நான்தான் கைகாட்டி மரம், வழி சொல்லியே தொண்டை வற்றிப்போகிறது என்று சலித்துக்கொள்வார்.

கை நன்றாகத்தான் இருந்தது. விதை மூட்டையை ஒற்றை ஆளாகப் புரட்டுகிற கை. சுட்டுவிரலை நீட்டுவதுதான் அவருக்கு ஆகாது. பூசணிப் பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகி விழுந்துவிடும் என்று எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வார்கள். காட்டித்தான் ஆகவேண்டும் என்றால் விரலை மடக்கிக்கொண்டு முட்டியால் காட்டுவோம். மற்றவர்கள் அதைப் பூசணிக்கும் சுரைக்கும் வைத்துக்கொண்டு பிழைப்பைப் பார்த்தார்கள். இவர் உலகம் முழுவதையும் பிஞ்சாக்கிவிட்டார்.

வியாபாரத்திலும் அதே கதைதான். மார்க்கையன்கோட்டையிலிருந்து விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரி வந்து எந்தச் சோளம் நன்றாக முளைக்கும் என்று கேட்டால், இது என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே. மாட்டார். இரண்டு சாக்கையும் அவிழ்த்து வைத்து, அள்ளிப் பாருங்கள், கடித்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுத் தன்பாட்டுக்குக் கணக்குப் பிள்ளையோடு பேசிக்கொண்டிருப்பார். வந்தவன் குழம்பிப்போய் எதிர்க்கடையில் வாங்கிக்கொண்டு போவான். நான் ஜின்னிங் மில்லில் ஃபிட்டர். இயந்திரம் நின்றால் ஓடுகிறவரைக்கும் எனக்குச் சோறு இறங்காது. அந்தப் புத்திக்கு இவருடைய நிதானம் எப்படி ஒத்துக்கொள்ளும்? அவரோடு நான் போட்ட சண்டைகளில் முக்கால்வாசி இதற்காகத்தான்.

ஆனால் என் அக்கா மயங்கியதும் இதில்தான். பெண் பார்க்க வந்த அன்றைக்குப் பெரியவர்கள், "மாப்பிள்ளைக்குப் புடிச்சிருக்கா?" என்று கேட்டார்கள். தலையைக் குனிந்துகொண்டு, நான் பார்த்தது இருக்கட்டும், அந்தப் பிள்ளையை நிமிர்ந்து பார்க்கச் சொல்லுங்கள், அதுவாகப் பார்த்துச் சொல்லட்டும் என்றார். எங்கள் வீடுகளில் அந்தக் காலத்தில் பெண்ணிடம் அப்படிக் கேட்ட ஆளே கிடையாது. கதவுக்குப் பின்னால் நின்ற அக்கா நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பல வருஷம், அக்கம்பக்கத்துப் பெண்கள் புருஷனைத் திட்டும்போதெல்லாம், "எங்க வீட்டுக்காரக என்னயக் கேட்டுத்தான் கட்டுனாக" என்று ஒரு சொல் சொல்லி எல்லோர் வாயையும் அடைத்துவிடுவாள்.

வைகை அணை கட்டி முடித்துத் தண்ணீர் தேக்கிய பிறகு அவருக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. கோடையில் மதுரைப் பக்கம் தண்ணீர் போகப் போக, அணையின் ஓரத்தில் நிலம் வெளியே வரும். சரிவு ரொம்பக் கம்மி என்பதால் தண்ணீர் ஒரு முழம் இறங்கினால் கரை வெகுதூரம் உள்ளே போய்விடும். ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் சுள்ளியும் நுரையும் ஒதுங்கி ஒரு கோடு விழுந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை தோறும் மச்சான் முளைப்பு குறைந்து விற்காமல் கிடக்கிற விதையைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் போவார். அந்தக் கோட்டின் மேலேயே ஈரத்தில் விதையைத் தூவிக்கொண்டு நடப்பார். அடுத்த வாரம் தண்ணீர் இன்னும் இறங்கியிருக்கும், இவரும் இறங்குவார். மேலே கொத்தமல்லி, அதற்குக் கீழே கடுகு, அதற்கும் கீழே தட்டைப்பயறு. சித்திரை பிறக்கும்போது போய்ப் பார்த்தால் மேல் வரிசை காய்த்திருக்கும், நடு வரிசை பூத்திருக்கும், தண்ணீர் ஓரத்தில் அப்போதுதான் முளை கண்ணைத் திறக்கும். கரை வளைந்த இடமெல்லாம் வளைந்து, கண்ணுக்கு எட்டியவரைக்கும் வரிவரியாகக் கிடக்கும்.

ஆடு மேய்க்கிறவர்கள், "மொதலாளி, இது என்ன வெள்ளாம?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். பார்க்கிறதுக்குத்தான் என்பார். அறுக்க மாட்டார். ஆடு தின்றாலும் விரட்ட மாட்டார். கோடு நல்லா இருக்கே மச்சான், எப்படி இவ்வளவு நேர்த்தியாக வளைத்தீர்கள் என்று நான் ஒரு தடவை கேட்டதற்கு, "கோடு நான் போடல மாப்ள. தண்ணி போட்டது" என்றார். ஆனி மாதம் தண்ணீர் ஏறி, கீழ் வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக மூழ்கும்போது அதற்கும் போய் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். கடற்கரையில் கல்லை அடுக்கி வைத்து, அலை வந்து கலைப்பதைப் படம் பிடிக்கிற ஆட்கள் வெளிநாட்டில் இருக்கிறார்களாம், அதற்குத் தனியாக ஒரு பேரும் உண்டாம். என் மகள் சமீபத்தில் சொன்னாள். எங்களுக்குக் கடல் ஏது? இருந்தது அணை. இவர் செய்ததற்குப் பாத்திரக்கடைக்காரர் வைத்த பேர் பைத்தியக்கார வெள்ளாமை.

இதில் வேடிக்கை என்னவென்றால், தண்ணீர் ஓரத்திலேயே கிடக்கிற அந்த மனுஷனுக்கு நீச்சல் தெரியாது. கடையிலேயே வளர்ந்தவர். கணுக்கால் நனைந்தால் வேட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வாங்குவார். ஆற்றங்கரையில் பிறந்த நானும் அக்காவும் அவரை அதற்காக எவ்வளவோ கேலி செய்திருக்கிறோம்.

நாங்கள் பிறந்த அந்த ஊர் இப்போது இல்லை. அணைக்குள் போன ஊர்களில் அதுவும் ஒன்று. அதற்காக நான் பெரிதாக அழுததில்லை. மழை பெய்தால் பாதி வீடு ஒழுகும். தேனியில் காரை பூசிய வீட்டுக்குக் குடிவந்த அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன். அக்காவுக்கு மட்டும் அந்த ஊரில் ஒன்று கிடந்தது.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் பார்க்க வேண்டும். காலி பண்ணச் சொல்லிவிட்ட ஊரில் போய்ப் பிள்ளை பெறுவதா என்று மாப்பிள்ளை வீட்டில் முனகினார்கள். முறையை விட முடியாது என்று அப்பா அழைத்து வந்துவிட்டார். அக்கம்பக்கத்தில் கூரை ஓடுகளைப் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டிலும் முன்கதவையும் பின்கதவையும் கழற்றிப் புது வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. அந்த வீட்டில் பெண்பிள்ளை பிறந்தது. சேதி சொல்ல நான்தான் தேனிக்கு ஓடினேன். மச்சானுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். கடைக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் கல்கண்டை அள்ளிக் கொடுத்தார். எப்போது வருகிறீர்கள் என்று கேட்டேன்.

"பிஞ்சு மாப்ள அது. ஒடனே போயி கண்ணு வைக்கக் கூடாது. மொகம் தெளியட்டும், வாறேன்."

நானும் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தேன். சில நாளில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. மறுபடி ஆள் அனுப்பினோம். பச்சைப்பிள்ளைக்குச் சூடு வருவதும் போவதும் சகஜம், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். மூன்றாவது தடவை ஆள் போனதும் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பால் மறக்காத பிள்ளையை எரிக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. கொல்லையில் முருங்கை மரத்தடியில் வைத்துப் பாலை ஊற்றிவிட்டு, அப்போதுதான் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கதவு இல்லாத வீடு. தெருவில் நின்றால் வீட்டுக்குள் புகுந்து கொல்லை வரைக்கும் பார்வை போகும். மச்சான் வாசலில் நின்றார். முருங்கை தெரிந்தது. அதன் அடியில் புது மண்ணும் தெரிந்தது. "போயி பாத்துட்டு வாங்க மாப்பிள்ள" என்றாள் அம்மா. அவர் கால் எடுத்து வைக்கவில்லை. உள்ளே பாயில் சுருண்டு கிடந்த அக்கா, அவர் நிற்பதைப் பார்த்துவிட்டுச் சுவரோரம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதைப் பற்றி அவள் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவரும் பேசினதில்லை. பின்னால் தேனியில் இரண்டு பையன்கள் பிறந்தார்கள். இரண்டு பேரையும் பிறந்த அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்து கையில் வாங்கிக்கொண்டார். அவருக்குப் புத்தி வரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். முதல் பிள்ளைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

ஒரு வருஷம் மழை பொய்த்து, அணை வெகுவாக வற்றி, எங்கள் ஊர் இருந்த இடமே வெளியே வந்தது. ஊர்க்காரர்கள் எல்லோரும் திருவிழாவுக்குப் போவது மாதிரி கூட்டமாகப் போய்ப் பார்த்தோம். அக்கா ஒரு செம்பில் பால் கொண்டுவந்திருந்தாள். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. மண்சுவரெல்லாம் கரைந்து, மேலே வண்டல் படிந்து, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. முருங்கை தண்ணீரில் நிற்கிற மரமா என்ன, எப்போதோ மக்கிப்போயிருந்தது. "தம்பி, நம்ம வீடு எங்கனடா?" என்று அக்கா கேட்டாள். நான் ஒரு இடத்தைச் சொன்னேன், சித்தப்பா வேறொரு இடத்தைச் சொன்னார். அவள் இரண்டு இடத்துக்கும் நடந்தாள். பிறகு மூன்றாவதாக ஒரு இடத்தில் நின்று அழுதாள். பாலை எங்கே ஊற்றுவதென்று தெரியாமல் அப்படியே திரும்பக் கொண்டுவந்தாள். வீடு வந்து சேரும்போது செம்பில் பால் திரிந்திருந்தது. அதைச் சாக்கடையில் கொட்ட மனமில்லாமல் அவள் கையில் வைத்துக்கொண்டு நின்றதை மச்சான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் அறுபதுகளில். அதற்கு அப்புறம் சில கோடைகள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மில்லுக்கே வந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டு அணைக்குப் போனார். எதற்கு என்று சொல்லவில்லை. சொன்னால் அவர் மச்சானே இல்லையே. அங்கே அவருடைய வரிகளில் ஒன்று எங்கள் ஊர் எல்லையைத் தொட்டுக்கொண்டு போனது. ஒரே விதை, ஒரே நாளில் தூவியது. ஆனால் நடுவில் சதுரமாக ஓர் இடத்தில் மட்டும் பயறு இரண்டு மடங்கு உயரமாக, கருகருவென்று நின்றது. யாராவது ஆட்டுக் கிடை போட்டிருப்பார்கள் என்றேன். குனிந்து மண்ணைக் கிளறச் சொன்னார். வண்டலுக்கு அடியில் பழைய சாணி மக்கிக் கறுப்பாக வந்தது. அப்புறம்தான் எனக்கு நினைவு வந்தது. எங்கள் ஊர்க் கோயில்மாட்டுத் தொழுவம் அங்கேதான் இருந்தது.

அவர் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். தொழுவம் இருந்த இடத்தில் பயிர் கொழுக்கும், வீட்டு அஸ்திவாரம் கிடக்கிற இடத்தில் வேர் போகாமல் குட்டையாகும், வண்டி ஓடி ஓடி இறுகின தெருவில் வெளுத்துப்போகும். ஊர் மொத்தமும் மண்ணுக்கு அடியில் அப்படியேதான் இருக்கிறது, மேலே ஒரே விதையைத் தூவினால் அதுவாக வெளியே வந்துவிடும் என்று படபடவென்று பேசினார். அத்தனை வார்த்தை ஒரே மூச்சில் அவர் பேசி அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. பேச்சு நின்றதும், "ஒங்க அக்கா அந்த எடத்த அவளே பாத்துக்கிருவா மாப்ள" என்றார்.

அதற்கும் நிலம் வெளியே வர வேண்டுமே. அணை மறுபடி அந்த அளவுக்கு வற்றுகிறவரைக்கும் காத்திருந்தார். காத்திருப்பதற்கு அவருக்குச் சொல்லியா தரவேண்டும்? எழுபதுகளில் ஒரு மாசி, பங்குனியில் ஊர் மெல்ல மெல்ல வெளியே வந்தது. கடையில் ஒரு மூட்டை பழைய எள் கிடந்தது. எள்ளுச் செடியை ஆடு கடிக்காது என்று அதையே எடுத்துக்கொண்டார். மணலில் கலந்து, தண்ணீர் இறங்க இறங்க வீசிக்கொண்டே போனார். மேலத் தெரு முதலில் வெளியே வந்தது. எங்கள் வீடு இருந்த கீழத் தெரு கடைசியாகத்தான் தண்ணீரை விட்டு வந்தது.

வைகாசி பிறந்ததும் என்னைக் கரைக்கு மேற்கே இருக்கிற பாறைக்குன்றான கரட்டின்மேல் ஏற்றிவிட்டு, "பாரு" என்றார்.

எனக்குச் சொந்த ஊர்மேல் பெரிய பாசம் கிடையாது என்று சொன்னேன் அல்லவா. அந்த வாய்தான் அன்றைக்கு அடைத்துப்போனது. கீழே எங்கள் ஊர் கிடந்தது. தெரு வெளுத்த கோடாகத் திரும்பித் திரும்பிப் போனது. வீடுகள் மஞ்சள் பாரித்த குட்டைச் செடிகளாகக் கட்டம் கட்டமாக நின்றன. குப்பைக்குழிகள் கரும்பச்சையாகத் தெரிந்தன. அம்மன் கோயில் மேடை தெரிந்தது. மேலத் தெரு முழுக்க எள்ளு பூத்து வெள்ளையாக இருந்தது. நான் கண்ணாலேயே தெருவில் நடந்து, திரும்பி, எங்கள் வீட்டை நானே கண்டுபிடித்தேன். பின்னால் கொல்லை. அதன் மூலையில் வட்டமாக ஒரு கொத்து மட்டும் மற்றதைவிடப் பச்சையாக இருந்தது. முருங்கை வேர் மக்கின இடம்.

நான் இறங்கி ஓடப் பார்த்தேன். மச்சான் கையைப் பிடித்துக்கொண்டார். கால்தடம் விழுந்தால் படம் கலைந்துவிடுமாம். அவரே விதைத்ததற்கு அப்புறம் உள்ளே கால் வைக்கவில்லையாம்.

"இப்பவே போயி அக்காவக் கூட்டிட்டு வாறேன் மச்சான்."

"கீழத் தெரு இன்னும் மொட்டாத்தான் இருக்கு. பூக்கட்டும். பூத்துருச்சுன்னா இங்கன நின்னு அவளாக் கண்டுக்கிருவா. நாம காட்டக் கூடாது."

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது. என்ன விதை என்று கேட்டாள். எள் என்றேன். "பச்சப்புள்ளைக்கு எள்ளு கெடையாதுடா, பாலுதான்" என்றாள். முருங்கை நின்ற இடம் தெரிகிறதா என்று கேட்டாள். தெரிகிறது, நாளைக்கு நானே அழைத்துப் போகிறேன் என்றேன்.

"வேணாம் தம்பி. அவுக வந்து கூப்பிடட்டும். அன்னைக்குத்தான் மூணு தடவ ஆள் விட்டுக் கூப்பிட்டோம். இந்தத் தடவயாச்சும் அவுகளா வந்து கூப்பிடட்டும்."

அவள் அன்றைக்கே பழைய செம்பைப் புளி போட்டுத் துலக்கிக் கவிழ்த்து வைத்தாள். அவர் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அவர் கண்ணில் படுகிற இடத்தில்தான் வைத்தாள். அவரும் பார்த்தார். சிரித்துக்கொண்டாரே தவிர வாயைத் திறக்கவில்லை. பூக்கிறவரைக்கும் சொல்லக்கூடாது என்று இருந்தார். இப்படி ஒருத்தர் கூப்பிடுவதற்காக ஒருத்தி காத்திருக்க, மொட்டு விரிவதற்காக அந்த ஒருத்தர் காத்திருந்தார்.

அந்த வாரம் மில்லில் வேலை முடித்துக் கடைக்குப் போயிருந்தேன். கடமலைக்குண்டிலிருந்து வந்த ஒரு வாடிக்கைக்காரர், நேற்று வருசநாட்டு மலையில் பேய்மழை, மயிலாடும்பாறைப் பக்கம் ஆறு செக்கச்செவேலென்று போகிறது, ஆட்டையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது என்று கதை கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆறு நேராக எங்கே வருகிறது என்று தேனியில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். நான் மச்சானைப் பார்த்தேன். அவர் எள்ளை அளந்து போட்டுக்கொண்டிருந்தார்.

"கேட்டீகளா மச்சான்?"

"கேட்டேன் மாப்ள. கோட மழதான், மண்ணு குடிச்சிரும். அணைக்கு வந்து சேராது. நாளன்னைக்கு கீழத் தெரு பூத்துரும்."

சத்தம் போட்டேன். கடைக்கு வந்த ஆட்கள் முன்னாலேயே கண்டபடி பேசினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை, அதுவே எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

மண் குடிக்கவில்லை. மறுநாள் மத்தியானம் அணையில் வேலை பார்க்கிற ஒருவர் கடைவீதிக்கு வந்து, தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது என்று சொன்னாராம். மச்சான் கல்லாவைக்கூடப் பூட்டாமல் பாத்திரக்கடைக்காரரிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார். வழியில் என்னையும் கூட்டிக்கொண்டார். அக்கா வாசலில் நெல் காய வைத்துக்கொண்டிருந்தாள். "வா, போவோம்" என்றார். எங்கே என்று அவள் கேட்கவில்லை. உள்ளே போய்ச் செம்பை எடுத்துப் பாலை ஊற்றிக்கொண்டு வந்து வாடகைக் காரில் ஏறினாள். வழி நெடுக ஒரு கையால் செம்பின் வாயை மூடிக்கொண்டே வந்தாள்.

கரட்டில் ஏறினோம். ஊர் இல்லை. செம்மண் தண்ணீர் எங்கும் பரந்து கிடந்தது. மேலத் தெருவின் மேல் ஓரம் மட்டும் மீதி இருந்தது. அதற்கு அப்பால் தண்ணீருக்கு மேலே அங்கங்கே எள்ளுக் கொழுந்துகள் பூவோடு ஆடின. எது வீடு, எது தெரு என்று எனக்கே பிடிபடவில்லை.

இறங்கித் தண்ணீர் ஓரத்துக்குப் போனோம். "எங்கன?" என்றாள் அக்கா. அவர் பழக்க தோஷத்தில், "பாரு, தெரியும்" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

"எனக்கு ஒண்ணுந் தெரியல" என்றாள்.

அவர் வலது கையைத் தூக்கினார். சுட்டுவிரலை நீட்டினார். அந்த விரல் நீண்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். தண்ணீருக்கு நேரே நீட்டி, கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தி, மறுபடி வலது பக்கம் கொண்டுவந்தார். எதைக் காட்டுவதென்று விரலுக்குத் தெரியவில்லை.

அக்கா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் குரல் உயரவில்லை.

"இத்தன நாளா இங்கன வந்து போனீகள்ல. நீங்களாச்சும் ஒருக்கா அவகிட்டப் போயி நின்னுருக்கலாம்ல."

மச்சான் கையைக் கீழே போட்டார். பிறகு அவள் கையிலிருந்து செம்பை வாங்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். நான் கூடப் போக அடி எடுத்து வைத்தேன். வராதே என்று பின்னால் திரும்பாமலே கையை ஆட்டினார். முழங்கால் அளவு போனதும் நின்று, "இங்கனயா?" என்று கேட்டார். "இன்னும் தள்ளி" என்றாள் அக்கா. தொடையளவு போனார். வேட்டி மிதந்தது. மறுபடி கேட்டார். மறுபடி, இன்னும் தள்ளி என்றாள். இடுப்பளவில் கால் எதிலோ தடுக்கி நெஞ்சு வரைக்கும் முங்கி எழுந்தார். செம்பை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார்.

"இங்கனயா?"

"ஆமா, அங்கனதான். நில்லுங்க, அங்கனயேதான்."

அவர் நின்ற இடத்திலேயே பாலை ஊற்றினார். சிவந்த தண்ணீரில் வெள்ளை கொஞ்ச நேரம் தெரிந்தது. காலி செம்போடு அங்கேயே நின்றுகொண்டிருந்தார். நானாகக் கூப்பிடுகிறவரைக்கும் வரவில்லை. கரையேறி வந்தபோது உடம்பு வெடவெடவென்று ஆடியது. ஆனால் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. வேட்டியைப் பிழிந்துகொண்டே என் காதோடு சொன்னார்: "நான் காட்டல மாப்ள. அவளாத்தான் கண்டுபுடிச்சா."

அணை அதற்குப் பிறகு எத்தனையோ தடவை வற்றியது. அவர் விதை கொண்டு போகவில்லை. வரியும் போடவில்லை. விற்காத விதையைக் கோழி வளர்க்கிறவர்களுக்கு அள்ளிக் கொடுத்தார். வழி கேட்கிறவர்களுக்கு விரல் நீட்டிக் காட்ட ஆரம்பித்தார். பாத்திரக்கடைக்காரருக்கு அது சௌகரியமாகத்தான் இருந்திருக்க வேண்டும். அவரோ, உங்கள் மச்சானுக்கு என்ன ஆயிற்று என்று என்னிடம் கவலையாகக் கேட்டார். எண்பதுகளின் ஆரம்பத்தில் மச்சான் காலமானார். இடம் தெரிந்துபோச்சு, இனி என்ன இருக்கிறது என்ற திருப்தியோடுதான் போய்ச் சேர்ந்தார் என்று நினைக்கிறேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு, நானும் அக்காவும் மட்டும் இருந்தோம். அவள் அந்தச் செம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்ததை அப்போதுதான் கேட்டேன். அன்றைக்கு அவர் நின்றது மேலத் தெருவைக்கூடத் தாண்டவில்லையே அக்கா, நீயும் அந்த ஊரில்தானே பிறந்தாய், உனக்குத் தெரியாதா என்றேன்.

அவள் செம்பைக் கீழே வைத்தாள்.

"தெரியும்டா. நம்ம வீடு இன்னும் ரொம்பத் தள்ளி. கேட்டுக்கிட்டே போனாக. நான் தள்ளி தள்ளின்னு சொன்னா அவுக போயிக்கிட்டே இருந்திருப்பாக. அவுகளுக்கு நீச்சத் தெரியாதேடா."